பாடுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார்

அப்பாவுக்கு அது முன்பே தெரிந்திருந்ததா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. தெரியாமலே இத்தனை வருடம் ஓடிவிட்டது. இனியும் அப்படி விட முடியாது. என் மகளின் காதைப் பார்க்கிற டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு ஆறு வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதில்லை என்று அவளுடைய வகுப்பு மிஸ் பள்ளி வாசலில் வைத்துச் சொன்னார். வீட்டில் சொன்னதற்கு என் கணவர் சிரித்தார். "நான் கூப்பிட்டா நீயே திரும்ப மாட்டேங்கிற. அவ உன் பொண்ணுதானே?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் கொஞ்ச நாளாகவே ஒன்றைக் கவனித்து வருகிறேன். நான் பேசும்போது அவள் என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானோ என்னவோ. என்னால் மட்டும் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டாக்டர் நிதானமான பெண்மணி. சளி பிடித்திருக்கிறது, இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, சளி இறங்கியதும் முழுப் பரிசோதனை செய்யலாம் என்றார். பிறகு, வீட்டில் யாருக்காவது காதில் குறை உண்டா என்று கேட்டார். அப்பாவுக்குக் காதில் நடந்த ஆபரேஷனைச் சொன்னேன்.

"அது பெரும்பாலும் பரம்பரையா வராதும்மா, பயப்படாதீங்க. ஆனா சில குடும்பத்துல சின்ன வயசுலயே ஆரம்பிக்கும். அவருக்கு எப்பலேருந்து காது மந்தமாச்சு? மத்தவங்களுக்குத் தெரிஞ்சது எப்பன்னு கேக்கல. அவருக்கே தெரிஞ்சது எப்ப? கேட்டுட்டு வாங்க."

இவ்வளவுதான் விஷயம். ஸ்ரீரங்கத்துக்குப் போய் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். அதற்கு ஏன் இந்தத் தயக்கம் என்பதைப் புரியவைக்க, நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்த வருடத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நாங்கள் அம்மா மண்டபம் சாலையில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. அங்கே அவருக்கு மேலே இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நாங்கள் ஃபோர்மேன் அங்கிள் என்போம். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிற சமயத்தில், ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் அப்பாவிடம் ஒப்படைத்தார். எல்லாம் ஆங்கில ராக் பாட்டுகள். "திருச்சியில இதக் கேக்குறதுக்கு நீ ஒருத்தன்தான் மேன் பாக்கி" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். பெட்டியைத் திறந்தால் பழைய அட்டையும் நாப்தலீன் உருண்டையும் கலந்த வாசனை வரும். அம்மாவுக்கு அந்த வாசனைக்கே தலைவலி வந்துவிடும்.

அதே வருடம்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, தில்லை நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அங்கே பழசாகிப்போன ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், புதிதில் கம்ப்யூட்டருக்குத் துணியில் உறை தைத்துப் போடுவார்கள். அம்மா தன் பழைய வாயில் புடவையில் தைத்தாள். அப்பா மாலையில் வேலை முடிந்து வந்ததும் உறையை மடித்து வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவர் செய்தது என்ன என்று எனக்கு அவரே ஒருமுறை சொல்லித் தந்தார்.

"ஸ்டீரியோ வந்த புதுசுல பாப்பா, அத வச்சுகிட்டு என்ன பண்றதுன்னே அவங்களுக்குத் தெரியல. பாடுறவன ஒரு மூலைல நிக்க வச்சுட்டாங்க. ட்ரம்ஸ், கிடார் எல்லாத்தையும் எதிர் மூலைல தள்ளிட்டாங்க. ரூம்ல ஸ்பீக்கர் வச்சுக் கேட்டா ரெண்டும் காத்துல கலந்துரும், தெரியாது. ஹெட்போன் போட்டா, ஒரு காதுல பாட்டு, ஒரு காதுல கொட்டு. மனுசன் கேக்க முடியுமா?"

இசைத்தட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பாடுகிறவரின் குரலை நடுவுக்குக் கொண்டுவருவார். ட்ரம்ஸைக் கொஞ்சம் இடப்பக்கம், கிடாரைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைப்பார். முடிந்ததும் சிடியில் பதிந்துகொள்வார். யாருக்கும் கொடுத்ததில்லை, விற்றதுமில்லை. "இது என் காதுக்கு" என்பார்.

மாமாவுக்கு இது பெரிய வேடிக்கை. "மச்சான், பெருமாள் பள்ளிகொண்ட ஊர்ல உக்காந்துகிட்டு வெள்ளக்காரன நடுவுல எழுந்தருளப் பண்றீங்களே, அவர் கோச்சுக்க மாட்டாரா?"

"அவரே சைடுல படுத்துகிட்டுதானே இருக்காரு? நடுவ நான் எடுத்துகிட்டேன்" என்பார் அப்பா.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்த ஆடி மாதம் காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இருந்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும் அப்பா ஹெட்போனை என் தலையில் மாட்டுவார். அவர் தலையின் சூடு அதில் இருக்கும். காதுப் பஞ்சு நைந்துபோய், கறுப்புத் துணுக்குகள் கன்னத்தில் ஒட்டும். கண்ணை மூடச் சொல்வார்.

"பாடுறவரு எங்க நிக்கிறாரு, பாப்பா?"

முதல் பாட்டுகளில் எல்லாம் குரல் சரியாக நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில் கேட்டது. விரலால் அங்கே தொட்டுக் காட்டுவேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். ஆங்கிலம் பாதி புரியாது. இருந்தாலும் யாரோ ஒருவர் என் நெற்றிக்குள் நின்றுகொண்டு எனக்காகப் பாடுகிற மாதிரி இருக்கும்.

ஆவணி பிறந்த பிறகுதான் மாறியது. எந்தப் பாட்டில் முதலில் மாறியது என்று நினைவில்லை. கண்ணை மூடியிருந்தேன். குரல் நெற்றியில் இல்லை, வலப் புருவத்துக்கு மேலே இருந்தது. அங்கே தொட்டுக் காட்டினேன்.

"நல்லாக் கேளு. நடுவுல இல்ல?"

"இல்லப்பா. இந்தப் பக்கம்."

அப்பா ஹெட்போனை வாங்கித் தானே கேட்டுப் பார்த்தார். "நடுவுலதானே இருக்கு" என்றார். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

அடுத்த பாட்டில் குரல் இன்னும் தள்ளிப் போனது. பிறகு வலது காதுக்கே வந்துவிட்டது. வலப்பக்கம் சத்தம் கூடிக்கொண்டே போய், ஒரு பாட்டில் எனக்குக் காது கூசி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அப்பா அதிர்ந்துபோனார். "ஏம்மா, வலிக்குதா?" என்று என் காதைப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு நடுவில் கேட்பது எனக்கு ஓரத்தில் கேட்கிறது. இதற்கு அவருக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவிடம் சொன்னார்:

"இவ காதுல ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட காட்டணும்."

யாரும் அதை மறுக்கவில்லை. இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் காது என்றால் அது அப்பாவின் காதுதான். பணிமனையில் ஓடுகிற இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அப்படிப்பட்டவர் நடுவில் கேட்கிறது என்றால் அது நடுதான். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வேறு மாதிரி கேட்டால் பெண்ணின் காதில்தான் தப்பு. நானே அப்படித்தான் நம்பினேன். பள்ளியில் மிஸ் பேசும்போது ஒரு காதைப் பொத்தி, பிறகு மறு காதைப் பொத்திச் சோதித்துக்கொள்வேன். எனக்கு என்னவோ ஆகிறது என்று பயந்து, சோறு இறங்காமல் கிடந்தேன்.

இதற்கிடையில் அம்மா ஒரு விஷயத்தில் பூரித்துப் போயிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசும்போது அப்பா பேப்பரைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவார். அந்தப் புரட்டாசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். அம்மா ஃபோனில் மாமாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "உன் மச்சானுக்கு இப்பத்தாண்டா பொண்டாட்டி மூஞ்சி கண்ணுக்குத் தெரியுது." அவள் குரலில் வெட்கம் இருந்தது. அந்த நாட்களில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டுதான் அப்பாவுக்குக் காப்பி கொடுத்தாள்.

அவள் முகத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தெரியும். அம்மாவுக்கு நான் சொன்னதில்லை.

தினமும் காலையில் அப்பா என்னை ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் வழியாக டவுனில் இருந்த பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். ஒருநாள் இடப்பக்கமிருந்து ஆற்றுக் காற்று இரைந்து அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் முன்னால் ஒரு சைக்கிள்காரர் கீரைக் கட்டோடு போனார். அவரைத் தாண்ட அப்பா வலப்பக்கம் ஒதுங்கினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அப்பா இன்னும் வலப்பக்கம் போனார். ஹாரன் நிற்கவே இல்லை. என் முதுகில் அதன் சூடு படுவது போல இருந்தது. "அப்பா!" என்று கத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். டயர் தேய்ந்து ரப்பர் நாற்றம் அடிக்க, பஸ் எங்கள் பக்கத்தில் குலுங்கி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்:

"யோவ், காதுல என்ன கான்கிரீட் போட்டு அடச்சிருக்கியா? புள்ளய வேற பின்னால உக்கார வச்சுகிட்டு!"

அப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் முடிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஹாரனே அடிக்காம வந்து ஏத்தப் பாக்குறான்" என்றார்.

"அடிச்சாம்ப்பா. அடிச்சுகிட்டேதான் வந்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்று இரவு பூராவும் பஸ்காரர்களைத் திட்டித் தீர்த்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் என்னைத் தில்லை நகரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ஸ்பிரிட் வாசனையும் பழைய ஏசியின் இரைச்சலுமாக இருந்த அறை. டாக்டர் ஒரு கூம்பைக் காதுக்குள் விட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கிளையாகப் பிரிந்த ஓர் இரும்புக் கவையை முழங்கையில் தட்டி, அதன் அடியை என் நெற்றியில் வைத்தார். பொட்டு இருந்த இடம் ஜில்லென்றது. மண்டைக்குள் ரீங்காரம்.

"எந்தப் பக்கம் கேக்குது பாப்பா?"

அப்பா கேட்கிற கேள்வியேதான். எனக்கு அழுகை வந்தது. "நடுவுல" என்றேன்.

டாக்டர் அப்பாவின் வலப்பக்கம் நின்றபடி கவையைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணுக்குக் காது பிரமாதமா இருக்கு. யாரு சார் சொன்னது கோளாறுன்னு?" என்றார்.

அப்பா என்னையே பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். அம்மா அவர் கையை இடித்தாள். "என்னங்க, டாக்டர் உங்களத்தான் கேக்குறாரு." அப்பா சட்டென்று திரும்பி, "ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்" என்றார். டாக்டர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. மணி அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எனக்கு ஒன்றுமில்லையாம். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கிண்ணத்தோடு அப்பாவின் அறைக்குப் போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஹெட்போனை மாட்டிக் கொஞ்சம் கேட்டார். கழற்றினார். வலப்பக்கம் இருந்ததை இடக் காதில் வருமாறு திருப்பி மாட்டிக்கொண்டார். அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடி கழற்றி, மறுபடி சரியாக மாட்டினார். மறுபடி திருப்பினார்.

"ஏம்ப்பா மாத்திப் போட்டிருக்கீங்க?"

நான் இரண்டாவது முறை கேட்டபோதுதான் திரும்பினார்.

"வயர் முறுக்கிகிச்சும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பாட்டுக் கேட்கக் கூப்பிடவில்லை. ஆனால் வேலையை நிறுத்தவுமில்லை. தினமும் உட்கார்ந்தார். ஒவ்வொரு சிடியாகச் சேர்ந்துகொண்டே போனது. காலையில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டினார். ஒருநாளும் டாக்டரிடம் போகவில்லை. இதுதான் எனக்கு விளங்காத இடம். ஹெட்போனைத் திருப்பி மாட்டினால், தப்பு ஹெட்போனிலா காதிலா என்பது உடனே தெரிந்துவிடும்; திருப்பிய பிறகும் அதே காதில் மந்தமாகக் கேட்டால் காதுதான். பேரிங் தேய்வதைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது தெரியாதா? தெரிந்துமா என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார்? ஒருவேளை நிஜமாகவே வயர்தான் முறுக்கிக்கொண்டதோ? பன்னிரண்டு வயதில் பார்த்ததை இந்த வயதில் வைத்து நான்தான் கதை கட்டுகிறேனோ?

ஐப்பசி மழையில் அவர் மாடிப்படியில் விழுந்தார். வழுக்கவில்லை, தலை சுற்றியது என்றார். எழுந்து நின்றவர் மறுபடி வலப்பக்கமே சாய்ந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். வலது காதின் நரம்பில் கட்டி. அந்தக் காது மங்க மங்க, குரல் தனக்கு நடுவில் கேட்கும்வரை வலப்பக்கச் சத்தத்தை அவர் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். சென்னையில் ஆபரேஷன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காதைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார்கள். உயிர் பிழைத்தார். வலக் காது போயிற்று. முகத்தின் வலப்பக்கம் இறங்கி, சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும்.

அம்மா பணிமனை இரைச்சலைக் குற்றம் சொன்னாள். ஹெட்போனைக் குற்றம் சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஹெட்போன், மரப்பெட்டி, சிடி எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாள். அந்த சிடிக்களை வரிசையாக வைத்துக் கேட்டிருந்தால், குரல் நெற்றியிலிருந்து எப்போது நகர ஆரம்பித்தது என்று டாக்டருக்குச் சொல்லியிருக்க முடியும். அப்போது அது யாருக்குத் தோன்றும்?

அம்மாவுக்கு இன்றுவரை ஒரே ஆறுதல்தான். விசேஷ வீடுகளில் யார் விசாரித்தாலும் அதையே சொல்வாள். "தெரிஞ்சிருந்தா விட்டிருப்பமா? அவருக்கே தெரியலயே, பாவம்."

இப்போது புரிகிறதா என் தயக்கம்? அப்பாவுக்கு மிஞ்சிய இடக் காதும் வயதில் மங்கிவிட்டது. நான் எது கேட்டாலும் அம்மா அவர் இடப்பக்கம் குனிந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் பதிலை முதலில் கேட்பவளும் அவள்தான். எழுதிக் கேட்கலாமே என்பீர்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அம்மாதான் முதலில் வாங்கிப் படிப்பாள், அவருடைய ஃபோனும் அவளிடம்தான் இருக்கிறது. போன மாதம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது ஒருமுறை கேட்டேன். "அப்பா, ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?" என்று. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்த பிறகுதான் நான் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். தெரியாமல் அங்கே உட்கார்ந்தேனா, தெரிந்தே உட்கார்ந்தேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அவளுக்குச் சளி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பள்ளி மிஸ் சொன்னதையோ டாக்டரையோ வாயே திறக்கவில்லை. அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என் கணவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் கூடத்துத் தரையில் கவிழ்ந்து படுத்து, யானைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நானும் சமையலறையில். மிக்ஸியை நிறுத்திவிட்டு நான் தற்செயலாக எட்டிப் பார்த்தேன்.

அப்பா மகளின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சத்தம் வராமல் முழங்காலை மடக்கிக் குனிந்தார். அவள் இடக் காதுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார். அவள் தலையைத் தூக்கி, "என்ன தாத்தா?" என்றாள். அவர் வெறுமனே தலையை ஆட்டினார். அவள் மறுபடி குனிந்து வண்ணம் அடிக்க ஆரம்பித்ததும், மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்தார். வலக் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். அந்தச் சொடுக்கு அவருக்கே கேட்டிருக்காது.

அவர் முதுகு எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்துவிட்டது. அவள் திரும்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. சொடுக்கிய கையை அவர் உடனே எடுக்கவும் இல்லை. இன்னொரு தடவை சொடுக்கினார். இன்னும் ஒரு தடவை.

நான் கூடத்துக்கு ஓடி வந்ததைப் பார்த்து நிமிர்ந்தார். பாதி முகம் சிரித்தது.

"கொசு" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா, "என்னடி, என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"கொசுவாம்மா" என்றேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். அம்மா மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா என் காதருகே குனிந்து, தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாதவர்கள் பேசுகிற அந்த அடைத்த குரலில் கேட்டார்:

"டாக்டர் என்னிக்கு வரச் சொல்லியிருக்காரு?"

வருகிற வியாழக்கிழமை. அதற்குள் அவரிடம் நான் கேட்க வேண்டியது இப்போது இரண்டு கேள்விகள் ஆகிவிட்டன. அன்று அவருக்குத் தெரியுமா என்பது ஒன்று. என் குழந்தையின் பின்னால் நின்று அவர் என்ன பார்த்தார் என்பது மற்றொன்று. இதைப் படிக்கிறவர்களில் வயதான பெற்றோரும் சின்னக் குழந்தையும் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சத்தமாகக் கேட்டுவிடட்டுமா? இல்லை, அவரிடம் எதுவும் கேட்காமலே மகளைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?